தங்க வயலில் ஒரு பியானோ

புகைவண்டி இலாகாவில் எழுத்தராய் இருப்பவனுக்கு ஊர் சுற்றுவதற்கு என்ன குறை என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னை வேடிக்கையாகக் கேட்பதுண்டு. பிறர் பயணத்துக்கெல்லாம் சீட்டு எழுதும் கைக்குத் தன் பயணத்துக்கு விடுப்பு எழுதுவதுதான் கடினம் என்பதை அவர்கள் அறியார். ஹூப்ளிக்கு மாற்றலாகி வந்த நான்கு ஆண்டுகளில் பிறந்த ஊராகிய கோலார் தங்க வயலுக்கு நான் சென்றது இரண்டே முறை. மூன்றாம் முறை சென்ற மாதம் சென்று வந்தேன். கையில் கொண்டு போனது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். அதைப் பற்றி எழுதத்தான் இக்கட்டுரை. ஊரைப் பற்றியும் வழியில் சொல்லாமல் இருக்க முடியாது.

இரவு வண்டியேறி விடியலில் பெங்களூர் சேர்ந்து, அங்கிருந்து மாரிக்குப்பம் செல்லும் வண்டியைப் பிடித்தேன். மின்சாரத்தால் ஓடும் வண்டி, புகை இல்லை, ஆயினும் புகைவண்டி என்றே எழுதிப் பழகிவிட்டது கை. நான் ஏறிய பெட்டியில் படுத்து உறங்கலாம், அவ்வளவு இடம். எதிர்ப்புறம் வந்த வண்டியோ தேன்கூடு போல் மொய்த்திருந்தது. தங்க வயலில் வேலை இல்லாமையால் நாள்தோறும் விடியுமுன் புறப்பட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் வண்டி அது. கதவருகே தொங்கியபடி தமிழிலே பேசிக்கொண்டு சென்ற இளைஞர்களின் குரல் ஒரு கணம் கேட்டு மறைந்தது.

பங்காருப்பேட்டையில் பெரிய பாதையை விட்டு வண்டி கிளைப் பாதையில் திரும்புகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் மைசூர்க் கமிஷனராய் இருந்த பௌரிங் துரையின் பெயரால் அந்நிலையம் பௌரிங்பேட்டை எனப்பட்டது. அங்கிருந்து சுரங்கங்களுக்குச் செல்லும் பத்து மைல் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. கோரமாண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்கள் வரிசையாய் வரும். பெயர்களைக் கேட்டாலே இவ்வூரின் கலவை தெரிந்துவிடும். ஆங்கிலமும் தமிழும் ஒரே பெயர்ப்பலகையில் குடித்தனம் செய்யும் ஊர் இது.

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் வந்தபின்தான் இங்கே சுரங்கத் தொழில் தழைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தகரச் சுரங்கம் தோண்டிப் பழகியவர்களை மேற்பார்வைக்கு வரவழைத்தனர்; இறங்கி வெட்டுவதற்கு வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம்மவர் வந்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் ஆசியாவிலேயே அது பெரிய சாதனை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். பாறை தானே வெடித்துச் சிதறுவதைச் சுரங்கத்தார் 'ஏர் பிளாஸ்ட்' என்பர்; சிறுவயதில் அவ்வொலி வந்தால் தெருவில் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. எனக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. அன்று முதல் சங்கு ஊதவில்லை என்பதுதான் என் நினைவில் நிற்கிறது.

இன்று சயனைட் மேடுகள் நிற்கின்றன. அரைத்துப் பொன் எடுத்தபின் எஞ்சிய மண்ணைக் குவித்துக் குவித்து மலையாக்கியவை. ஷாப்டுகளின் மேலே இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. லயன் வீடுகளில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள். வாசலில் கோலம் இருக்கிறது. மாலையில் காற்று வீசினால் மேட்டின் தூசி கோலத்தின் மேலும் படிகிறது.

இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

என் தந்தையார் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் இறங்கி ஏறியவர். ஞாயிற்றுக்கிழமையில் ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடுவார். அவருடையது பேஸ் என்னும் அடிக்குரல். எங்கள் ஆலயங்களில் பாட்டு இரண்டு வகை என்பதைப் பிற சமய அன்பர்கள் பொருட்டுச் சொல்லுகிறேன். நம் நாட்டு இராகத்தில் அமைந்தவை கீர்த்தனைகள். மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல் அமைந்தவை ஞானப்பாட்டுகள். இந்த இரண்டாம் வகை நேற்று வந்ததன்று. 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மானிய மெட்டுகளைத் தமிழர் தமிழில் பாடி வருகின்றனர்.

டீச்சரம்மாவிடமிருந்து ஒருநாள் தொலைபேசி வந்தது. அவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். ஆலயத்தில் பியானோ வாசித்தவர். அவர்களுடைய காலஞ்சென்ற கணவரே குழுவின் தலைவர். "தம்பி, அப்பாவின் பாட்டு நோட்டு இருக்கிறதா? கறையான் தின்னாமல் இருந்தால் கொண்டு வா. பாகின் பாட்டுக்கு அந்த பேஸ் எனக்கு வேண்டும்" என்றார்கள். தகரப் பெட்டியில் இருந்தது. தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகளாக அதை நான் திறந்ததில்லை.

பாக் என்பார் ஜெர்மானிய இசைப் புலவர். 1685-இல் பிறந்து 1750-இல் மறைந்தவர். லைப்சிக் நகரத்து ஆலயங்களின் இசைப் பொறுப்பை 1723-இல் ஏற்றார். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள், கன்னி மரியாள் எலிசபெத்தைக் காணச் சென்றதை நினைவுகூரும் திருநாளுக்காக ஒரு நீண்ட பக்தி இசைத் தொகுதியை அரங்கேற்றினார். அதன் இரு பகுதிகளின் முடிவிலும் ஒரே இசையமைப்பு, வேறு வேறு அடிகளோடு வருகிறது. அதுவே உலகெங்கும் 'ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசைரிங்' என்று ஆங்கிலப் பெயரால் பரவியுள்ளது. ஆங்கிலச் சொற்கள் இராபர்ட் பிரிட்ஜஸ் என்னும் கவிஞருடையவை. மூல மெட்டு பாகினுடையதும் அன்று. அவருக்கு முந்திய யோஹான் ஷோப் என்பார் அமைத்தது. எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டை எடுத்து, அதைச் சுற்றி ஓர் ஓடையை ஓடவிட்டதே பாகின் வேலை.

நம் சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு அதை இவ்வாறு விளக்கலாம். பாடகர் நால்வகையினர், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று. நால்வரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில், ஆனால் வெவ்வேறு சுவரங்களில், மூன்று தட்டு நடையில் நிதானமாகப் பாடுவார்கள். அவர்களுக்கு மேலே வயலினும் ஓபோ என்னும் குழலும் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று சுவரமாய், நம்முடைய திஸ்ர நடையில், நில்லாமல் ஓடும். பாட்டு ஓர் அடி பாடி நிற்கும், ஓடை நிற்காது. மறுபடி பாட்டு சேரும். குழு மூச்சு வாங்கும் இடத்தில்தான் ஓடை நன்றாகக் கேட்கும்.

இதை எங்கள் குழு எவ்வாறு பாடியது? தலைவர் தாமே தமிழ்ச் சொற்கள் கட்டினார். பாக் அமைத்தது ஐந்து கட்டைச் சுருதியில். எங்கள் டெனர்க்காரர்களுக்கு உச்சம் எட்டவில்லை. ஆகவே நாலு கட்டைக்கு இறக்கினார். டெனருக்கு வந்த அந்தச் சலுகையால் பேஸ்காரர்கள் இன்னும் கீழே இறங்க வேண்டியதாயிற்று. 'சுரங்கத்தானுக்கு இறங்கத் தெரியாதா?' என்று தந்தையார் வீட்டில் பெருமையடிப்பார். அவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டு இசைக்கோட்டு முறையைப் படிக்க அறியார். டோ, ரே, மீ என்று எழுத்துக்களால் சுரத்தைக் குறிக்கும் டானிக் சால்ஃபா முறையில்தான் எழுதிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்ற போதகர் ஏழை எளியவரும் பாடட்டும் என்று பரப்பிய முறை அது. தந்தையாரின் நோட்டு முழுவதும் அவ்வெழுத்துக்களே.

டீச்சரம்மாவின் வீட்டை அடைந்தபோது காலை பத்து மணி இருக்கும். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிமிர்ந்த வகைப் பியானோ ஒன்று. மேல்நாட்டார் ஒருவர் தாயகம் திரும்பும்போது விற்றுச் சென்றதாம். சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. சில கட்டைகள் அமுக்கினால் மீண்டு எழச் சோம்பின. "இதற்கும் என் வயதுதான், மூட்டுவலியும் எனக்கு இருப்பதுதான்" என்று சொல்லிக்கொண்டே காப்பி கொடுத்தார்கள்.

செய்தி இதுதான். குழுவில் முன்னர் முப்பது பேர் இருந்தனர். இப்பொழுது ஆறு பெண்களும் ஒரு டெனரும். மற்ற ஆண்கள் பெங்களூர் வண்டியில் இருக்கிறார்கள், அல்லது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நாலு குரல் பாட்டு இனி நடவாது. ஆகவே அந்தப் பாட்டு முழுவதையும் தனியொருவர் பியானோவில் வாசிக்குமாறு மாற்றி எழுதிவிட அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். ஆள் குறைந்து திண்டாடுவது எங்களூர்க் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பாக் பெருமானே 1730-இல் நகர சபைக்கு எழுதிய மனுவில், தம்மிடம் உள்ள மாணவர்களில் 17 பேர் பயன்படுவர், 20 பேர் இனிமேல்தான் பயன்படுவர், 17 பேர் பயன்படவே மாட்டார் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். இதை டீச்சரம்மா சொன்னபோது எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாரோ என்று எனக்கு ஐயம் உண்டாயிற்று.

ஆலயப் பாட்டைப் பியானோவுக்கு மாற்றுவது புதிதன்று. இத்தாலியரான புஸோனி, பாக் ஆர்கனுக்கு எழுதிய பக்தி இசைகள் பத்தினைப் பியானோவுக்கு மாற்றினார். நம் பாட்டை மாற்றியவர் இங்கிலாந்தின் மைரா ஹெஸ் அம்மையார். அவருடைய தனிப் பியானோ அமைப்பு 1926-இல் அச்சாயிற்று. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் இசைமன்றங்கள் அடைபட்டபோது, தேசிய ஓவியக் கூடத்தில் நண்பகல் கச்சேரிகளை ஏற்பாடு செய்து நடத்தியவர் அவர். 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். கூடத்துச் சுவர்களில் அப்போது ஓவியம் இல்லை. குண்டுக்கு அஞ்சி எடுத்துச் சென்று, பின்பு வேல்ஸ் நாட்டில் ஒரு பலகைக்கல் சுரங்கத்துக்குள் வைத்துக் காத்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு அந்த அம்மையார் நம்மூர்க்காரர் போல் ஆகிவிட்டார்.

(இடையில் ஒன்று. பியானோ என்றால் வெள்ளைக்காரர் சொத்து என்று எண்ணுவோர் உண்டு. இத்தங்க வயலை ஆண்ட மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் தாமே பியானோ பயின்றவர். கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனைகள் இயற்றியவர். மெட்னர் என்ற ருஷ்ய இசைப் புலவர் தம் ஆக்கங்களை இலண்டனில் இசைத்தட்டாய்ப் பதியப் பொருள் உதவியவர். எங்கள் சுரங்கத்துப் பொன்னில் சமஸ்தானத்துக்கும் பங்கு உண்டு.)

"அம்மா, ஹெஸ் அம்மையாரின் அச்சுப் பிரதியே இருக்கும்போது நீங்கள் ஏன் தனியே எழுத வேண்டும்?" என்று கேட்டேன்.

"முதற் காரணம், என் கை. அதற்கு விரல்கள் எட்டுக் கட்டை அகல வேண்டும். எனக்கு இப்பொழுது ஏழுதான் எட்டுகிறது. இரண்டாவது, அச்சுப் பிரதி எங்கும் கிடைக்கும் தம்பி. நம் ஆட்கள் இங்கே பாடியது எங்கே கிடைக்கும்? பல இடங்களில் பேஸை அவர் மாற்றி வைத்திருந்தார். அவருடைய தாளெல்லாம் போய்விட்டது. உன் அப்பா எழுதியதுதான் மிச்சம்" என்றார்கள்.

பின்பு இரண்டு மணி நேரம் நான் எழுத்துக்களை வாசிக்க, அவர்கள் கோட்டுத்தாளில் எழுதினார்கள். அவ்வேலையின் சங்கடத்தை அன்றுதான் அறிந்தேன். ஓடுகின்ற ஓடைக்கு வலக்கை வேண்டும். அடிக்குரலுக்கு இடக்கை வேண்டும். பாட்டோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஹெஸ் அம்மையாரின் யுக்தி, அப்பாட்டைக் கட்டை விரல்களிடம் ஒப்படைப்பது. மற்ற விரல்கள் தத்தம் வேலையில் இருக்க, கட்டை விரல்கள் மாறி மாறி நடுவிலே பாடிக்கொண்டு போகும். இன்னொரு சங்கடம், பியானோவின் ஒலி தட்டியவுடனே தேயத் தொடங்கும். மனிதக் குரல் நீண்ட சுரத்தில் போகப் போகப் பெருகலாம். பியானோவுக்கு அந்த வரம் இல்லை. கால் மிதியை அழுத்தினால் ஒலி நிற்கும்; ஆனால் ஓடையின் சுரங்களும் சேர்ந்து நின்று சேறாகிவிடும். ஆகையால் அடிச்சுரம் மாறுந்தோறும் மிதியை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்விதான்.

மூன்றாம் அடி வந்ததும் டீச்சரம்மா பேனாவை நிறுத்தி, "இங்கே பேஸை விட்டுவிடலாம். கை எட்டவில்லை, ஓடையே போதும்" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த இடத்தில்தான் தந்தையாரின் குரல் ஆலயத்துப் பலகைகளை அதிரச் செய்வது வழக்கம். சிறுவனாக முதல் வரிசையில் உட்கார்ந்து பாதத்தில் உணர்ந்திருக்கிறேன். சங்கீதம் அறியாதவன் நான் சங்கீதம் அறிந்தவரிடம் வாதாடினேன். முறையன்று என்பது தெரியும். ஆயினும், "அதை விடுவதாயின் நோட்டைக் கேட்டிருக்கவே வேண்டாமே அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் கோபிக்கவில்லை. சற்று நேரம் கட்டைகளின் மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். முதலில் அடிச்சுரத்தை இடக்கைச் சுண்டு விரலால் தட்டி, மிதியால் பிடித்து வைத்துக்கொண்டு, உடனே கையை மேலே கொண்டுபோனார்கள். தட்டு இம்மியளவு தாமதித்தது. ஆனால் அடிக்குரல் இருந்தது. "சரி, உன் அப்பா வந்துவிட்டார். இதற்கு டெனரை விட வேண்டும். டெனர் பாடியவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார், கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்" என்று நகைத்தார்கள். உச்சம் எட்டாமல் சுருதியை இறக்க வைத்தவர்தானே, சிறிது பொறுக்கட்டும் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

நோட்டில் எழுத்துக்களைத் தவிர வேறொன்றும் இருந்தது. மூச்சு வாங்கும் இடங்களைக் காற்புள்ளி போல் நீல மையால் குறித்திருந்தார் தந்தையார், அடிக்கு ஒன்று. அவற்றின் இடையிடையே சிவப்புப் பென்சிலால் வேறு காற்புள்ளிகள், அடிக்கு இரண்டு, மூன்று. நான் அதைத் திருத்தம் என்று நினைத்தேன். டீச்சரம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "சிவப்பு, பிந்தி வந்தது. அவருக்கு மூச்சு குறைந்தபின்" என்றார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து கெட்டியாகும் நோய் சுரங்கத்தாரில் பலருக்கு உண்டு, சிலிக்கோசிஸ் என்பர். தந்தையாருக்கும் வந்தது. கடைசி நான்கு ஆண்டுகள் அவர் பாடவில்லை. ஆலயத்தில் குழுவுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டை மட்டும் திறந்து வைத்திருப்பார். எப்படியேனும் தொடர்ந்து பாட வழி தேடி வீட்டில் தனியே பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

பியானோவுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. ஆயினும் டீச்சரம்மா அக்குறிகளையும் தாளில் எழுதச் சொன்னார்கள். எதை எழுதுவது, நீலத்தையா சிவப்பையா என்றேன். "பாட்டு இரண்டு முறை வருகிறதல்லவா?" என்றார்கள்.

பிற்பகல் முடிவில் முழுவதையும் வாசித்தார்கள். முதல் முறை நீலக் குறிகளில் மட்டும் இடக்கை சற்றே எழுந்து அமர்ந்தது. இரண்டாம் முறை அடிக்குரல் துண்டு துண்டாக வந்தது. மேலே ஓடை முன்போலவே ஓடியது. மூட்டு வலியால் இரண்டு இடங்களில் விரல் தவறியது. ஒரு கட்டை எழாமல் சிக்கிக்கொண்டது. அதை இடையிலேயே நகத்தால் தூக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். வாசலில் பால்காரர் வந்து நின்று, முடியும்வரை மணியடிக்காமல் இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இராது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பக்கங்களை ஒவ்வொன்றாய்த் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, நோட்டை அவர்களிடமே விட்டு வந்தேன். என் வீட்டுத் தகரப் பெட்டியைவிடப் பியானோவின் மேல் அது நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. மாலையில் மாரிக்குப்பம் நிலையத்தில் காத்திருந்தபோது பெங்களூர் வண்டி வந்து நின்றது. காலையில் கண்ட இளைஞர்கள் இறங்கி இருட்டில் லயன்களை நோக்கி நடந்தார்கள். அவர்களுள் ஒருவன் ஏதோ திரைப்பாட்டை நல்ல கனத்த குரலில் முணுமுணுத்துக்கொண்டு சென்றான். டீச்சரம்மாவிடம் இவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று எண்ணி, பெயரைக் கேட்பதற்குள் அவன் தண்டவாளத்தைக் கடந்துவிட்டான்.

அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு மாலை ஆராதனையில் அதை வாசிக்கப் போகிறார்கள். அன்று எனக்கு இரவு டூட்டி விழுந்திருக்கிறது. சக எழுத்தர் ஒருவரிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். மகளின் பரீட்சைத் தேதி தெரிந்தபின் சொல்லுகிறேன் என்றார். இதை எழுதி அனுப்பும் நாள்வரை தேதி வரவில்லை.